காலிப் பணியிடமா, காலி நாற்காலியா?

வாசகர் கேள்வி: எங்கள் ஊர் அரசு உயர்நிலைப் பள்ளியில் 6 முதல் 10 வரை 212 பிள்ளைகள் படிக்கிறார்கள் (6 முதல் 8 வரை 122, அதற்கு மேல் 90). நான் பள்ளி மேலாண்மைக் குழுத் தலைவி. தலைமையாசிரியர் தவிர 6 பட்டதாரி ஆசிரியர் பணியிடம் உண்டு. ஜூன் மாதக் கலந்தாய்வில் கணித ஆசிரியர் மாறுதலில் போய்விட்டார். அறிவியல் ஆசிரியைகள் இருவரில் ஒருவர் மகப்பேறு விடுப்பில் இருக்கிறார். மற்றவரை மாற்றுப்பணியில் வேறு பள்ளிக்கு அனுப்பிவிட்டார்கள். பத்தாம் வகுப்பில் மட்டும் 46 பேர். ஒன்பதாம் வகுப்பில் ஏழெட்டுப் பேருக்குத் தமிழே எழுத்துக்கூட்டித்தான் வாசிக்க வருகிறது. எட்டாம் வகுப்புப் பெண் ஒருத்தி மூன்று வாரமாக வரவில்லை. இரண்டு முறை மனுக் கொடுத்தோம். 'ஆவன செய்யப்படும்' என்றார்கள். வீட்டுக்கு இவ்வளவு என்று வசூலித்து நாங்களே ஆள் போட்டுக்கொள்ளலாமா?

அன்புள்ள அம்மா,

உங்கள் கடிதத்தில் ஆசிரியர் பற்றாக்குறைக்கு நடுவில் ஒரு வரியாக வந்து போகிறாள் அந்த எட்டாம் வகுப்புப் பெண். அவளிடமிருந்து தொடங்குகிறேன். மற்றவற்றுக்கு ஒரு வாரம் பொறுக்கலாம், இதற்கு முடியாது.

வகுப்பாசிரியரும் குழுவில் உள்ள பெண் உறுப்பினர் ஒருவரும் இருவராக வீட்டுக்குப் போங்கள். கூட்டமாகப் போனால் வீட்டார் கதவைச் சாத்திக்கொள்வார்கள். அம்மாவிடம் தனியாகவும் பெண்ணிடம் தனியாகவும் பேசுங்கள். தம்பி தங்கையைப் பார்த்துக்கொள்ள நிறுத்தியிருக்கலாம், வேலைக்கு அனுப்பியிருக்கலாம், பூப்பெய்திய பிறகு அனுப்பத் தயங்கலாம், பள்ளியில் யாரோ சீண்டியிருக்கலாம், கழிப்பறையில் தண்ணீர் இல்லாதது கூடக் காரணமாக இருக்கலாம். கல்யாணப் பேச்சு என்று தெரிந்தால் ஊர்ப் பெரியவர்களை வைத்துச் சமாதானம் பேசிக்கொண்டிருக்காதீர்கள். அன்றைக்கே குழந்தைகள் உதவி எண் 1098-க்குச் சொல்லுங்கள். மாவட்டச் சமூகநல அலுவலர்தான் குழந்தைத் திருமணத் தடுப்பு அலுவலரும். பாலியல் தொல்லை என்று அவள் வாயிலிருந்து ஒரு சொல் வந்தாலும் நீங்கள் விசாரணை நடத்தக் கூடாது. போக்சோ சட்டத்தின் 19-ஆம் பிரிவுப்படி தெரிந்தவர் காவல் துறைக்குத் தகவல் கொடுத்தே ஆக வேண்டும். பலரும் மாற்றி மாற்றிக் கேட்டால் பிள்ளை இன்னும் நொந்துபோவாள், வழக்கும் பலவீனமாகும்.

வறுமைதான் காரணம் என்றால், 6 முதல் 12 வரை அரசுப் பள்ளியிலேயே படிப்பவளுக்குக் கல்லூரிக்குப் போனதும் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் கிடைக்கும் என்பதைப் பெற்றோருக்குச் சொல்லுங்கள். இடையில் நின்றால் அதுவும் போய்விடும். வீட்டில் இருந்து படிக்கவே வழியில்லை என்றால் கஸ்தூரிபா காந்தி உண்டு உறைவிடப் பள்ளியில் இடம் உண்டா என்று வட்டார வள மையத்தில் கேளுங்கள். இதற்கிடையில் அவள் பெயரை நீக்கிவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். திரும்பி வரும் நாளில் காலை வணக்கக் கூட்டத்தில் நிறுத்தி 'ஏன் வரவில்லை' என்று கேட்டால் மறுநாளே நின்றுவிடுவாள். பக்கத்தில் உட்கார ஒரு தோழியையும், விட்டுப்போன பாடத்தை எழுதிக்கொள்ள ஒரு வாரத்தையும் கொடுங்கள்.

இனி ஆசிரியர்கள்.

'மூன்று ஆசிரியர் இல்லை, உடனே நிரப்புங்கள்' என்றுதான் இரண்டு மனுக்களிலும் எழுதியிருப்பீர்கள் என்று நினைக்கிறேன். மனு நகராததற்கு அந்த வரியே காரணமாக இருக்கலாம். உங்கள் பள்ளியில் மூன்று நாற்காலி காலி. அலுவலகப் பதிவேட்டிலோ ஒரே ஒரு பணியிடம்தான் காலி. கணிதம் மட்டுமே உண்மையான காலிப் பணியிடம். மற்ற இரண்டிலும் ஆள் இருப்பதாகவே எமிஸ் (பள்ளிக் கல்வித் துறையின் இணையப் பதிவேடு) காட்டும். மகப்பேறு விடுப்பில் இருப்பவர் உங்கள் பள்ளி ஆசிரியைதான். மாற்றுப்பணியில் போனவருக்கும் சம்பளம் உங்கள் பள்ளிக் கணக்கில்தான் எடுக்கப்படுகிறது. ஆள் உள்ள பணியிடத்துக்கு இன்னொருவரை அனுப்ப முதன்மைக் கல்வி அலுவலருக்கே வழியில்லை. ஆகவே மூன்றுக்கும் மூன்று தனி மனு வேண்டும். மூன்றும் கேட்பது வேறு வேறு.

முதலில் எளிதானது, மாற்றுப்பணி. இதற்குப் புதிய நியமனமும் வேண்டாம், நிதியும் வேண்டாம். 'இன்ன தேதியிட்ட மாற்றுப்பணி ஆணையை ரத்து செய்து தாய்ப் பள்ளிக்குத் திருப்பி அனுப்ப வேண்டும்' என்று ஒரே கோரிக்கை. ஆணையின் எண்ணும் தேதியும் தலைமையாசிரியரிடம் இருக்கும். அந்த ஆசிரியை இப்போது இருக்கும் பள்ளியில் அறிவியலுக்கு எத்தனை பேர், எத்தனை பிரிவு என்று விசாரித்து அதையும் மனுவில் சேருங்கள். அங்கே இரண்டு பேர் இருந்து இங்கே ஒருவரும் இல்லை என்றால் கோப்பில் மறுப்பு எழுதுவது கடினம். அங்கும் அவர் ஒருவர்தான் என்றால், முழு ரத்துக்குப் பதிலாக வாரம் மூன்று நாள் இங்கே, இரண்டு நாள் அங்கே என்று கேளுங்கள். அந்த ஊரிலும் பத்தாம் வகுப்புப் பிள்ளைகள் இருக்கிறார்கள்.

மகப்பேறு விடுப்பு தமிழ்நாட்டில் 2021 ஜூலை முதல் 12 மாதம். அது அவருடைய உரிமை. சீக்கிரம் வரச் சொல்லி ஊரார் யாரும் அவருக்குத் தொலைபேசியில் பேசக் கூடாது. பள்ளி மேலாண்மைக் குழு வழியாக நியமிக்கப்படும் தற்காலிக ஆசிரியருக்கான இந்த ஆண்டு அனுமதி ஆணையில் விடுப்புக் காலத்துப் பணியிடங்கள் சேர்க்கப்பட்டுள்ளனவா என்று முதன்மைக் கல்வி அலுவலரிடம் எழுத்தில் கேளுங்கள். வாய்மொழியாகக் கேட்டால் வாய்மொழியாகத்தான் பதில் வரும்.

கணிதத்துக்கு இரண்டு வேலை. ஒன்று, அந்தப் பணியிடம் எமிஸில் காலி என்று ஏறியிருக்கிறதா என்று தலைமையாசிரியரைத் திறந்து பார்க்கச் சொல்வது. மாறுதலில் போனவரை விடுவித்த பிறகும் பெயர் இங்கேயே ஒட்டிக்கொண்டிருந்தால், அடுத்த கலந்தாய்வுக் காலிப்பட்டியலில் உங்கள் பள்ளி வராது. இரண்டாவது, ஆகஸ்ட் 1.

அந்தத் தேதியை ஊரில் பலருக்குத் தெரிவதில்லை. ஒவ்வொரு ஆண்டும் ஆகஸ்ட் 1 அன்று எமிஸில் உள்ள மாணவர் எண்ணிக்கையை வைத்துத்தான் பணியாளர் நிர்ணயம், அதாவது பள்ளிக்கு எத்தனை பணியிடம் என்ற கணக்கு, நடக்கிறது. எண்ணிக்கை குறைந்தால் பணியிடம் உபரியாகும். ஆள் இருக்கும் பணியிடம் உபரியானால் அவரைப் பணிநிரவலில் வேறு பள்ளிக்கு அனுப்ப வேண்டும். அவர் எதிர்ப்பார், சங்கம் பேசும், கலந்தாய்வு நடக்கும். காலியாகக் கிடக்கும் பணியிடம் உபரியானால் 'ஆசிரியரின்றி உபரி' என்று ஒரு பட்டியலில் ஏறி, இயக்குநரின் பொதுத் தொகுப்புக்குச் சத்தமில்லாமல் போய்விடும். கேட்க ஆளில்லை. ஒரு முறை போன பணியிடத்தைத் திரும்பப் பெறுவது, காலியிடத்தை நிரப்புவதைவிடப் பல மடங்கு கடினம். உங்கள் கணிதப் பணியிடம் காலியாகக் கிடப்பதால் இதைக் கவலையோடு சொல்கிறேன்.

நீங்கள் கடிதம் எழுதியது ஜூலை முதல் வாரம். இன்னும் நாள் இருக்கிறது. வகுப்பில் உட்கார்ந்திருக்கும் தலைகளையும் எமிஸில் உள்ள பெயர்களையும் ஒப்பிடச் சொல்லுங்கள். தனியார் பள்ளியிலிருந்து வந்து சேர்ந்த பிள்ளைகளின் எமிஸ் எண் பழைய பள்ளியிலேயே நின்றுபோவது வழக்கம். கட்டண பாக்கி என்று சொல்லி, வேறு பள்ளி எடுத்துக்கொள்ளும்படி எமிஸின் மாணவர் பொதுத் தொகுப்புக்கு விடாமல் வைத்திருப்பார்கள். அப்படிப்பட்ட பிள்ளை உங்கள் வகுப்பில் தினம் உட்கார்ந்தாலும் கணக்கில் இல்லை. எட்டாம் வகுப்பு வரை மாற்றுச் சான்றிதழ் வரத் தாமதம் என்பதற்காகச் சேர்க்கையை மறுக்கவோ தள்ளிப்போடவோ கூடாது என்று கல்வி உரிமைச் சட்டத்தின் 5-ஆம் பிரிவு சொல்கிறது. பெயர்களை வரிசையாக எழுதி வட்டாரக் கல்வி அலுவலகத்திலும் மாவட்டக் கல்வி அலுவலகத்திலும் ஜூலைக்குள் கொடுங்கள். ஆகஸ்ட் 5-ஆம் தேதி சரியாகும் பெயரால் அந்த ஆண்டு நிர்ணயத்துக்குப் பயனில்லை.

மனுவில் ஆள் கணக்கை எழுதுவதோடு பாடவேளைக் கணக்கையும் எழுதுங்கள். நாளைக்கு 8 பாடவேளை, வாரம் 40. ஒரு பாடத்துக்கு வகுப்புக்கு வாரம் 7 என்று வைத்தால் 5 வகுப்புக்கும் 35. முக்கியப் பாடங்கள் ஐந்துக்கும் சேர்த்து 175. உங்கள் பள்ளியில் கணிதம் 35, அறிவியல் 35, ஆக 70 பாடவேளை வாரந்தோறும் நடக்கவில்லை. ஐந்தில் இரண்டு பங்கு. 'ஆசிரியர் பற்றாக்குறை' என்ற சொல் எல்லா மனுவிலும் இருக்கிறது. 'ஜூனிலிருந்து வாரத்துக்கு 70 பாடவேளை நடக்கவில்லை; இதில் 14 பத்தாம் வகுப்புக்குரியவை' என்ற வரி வேறு எங்கும் இருக்காது.

மனு ஒரு பக்கத்துக்கு மேல் வேண்டாம். பள்ளியின் 11 இலக்க அடையாள எண் (யூடைஸ்), பணியிடம், எந்த நாள் முதல் காலி, காரணம், பாடவேளைக் கணக்கு, ஒரே கோரிக்கை. பள்ளி மேலாண்மைக் குழுத் தீர்மான நகலை இணையுங்கள். அந்தத் தீர்மானத்தைக் கூட்டத்தன்றே பள்ளிக் கல்வித் துறையின் பெற்றோர் செயலியிலும் பதிவேற்றுங்கள். நோட்டில் மட்டும் எழுதிய தீர்மானத்தை மேலே யாரும் பார்ப்பதில்லை. மாவட்டக் கல்வி அலுவலருக்குக் கொடுத்து, முதன்மைக் கல்வி அலுவலருக்கு நகல் வைத்து, ஒப்புகை வாங்குங்கள். 15 நாளில் அசைவில்லை என்றால் ஆட்சியர் அலுவலகத்தில் திங்கட்கிழமை குறைதீர்க்கும் நாளில் கொடுங்கள். அங்கே மனு எண் கிடைக்கும்.

சட்டத்தில் உங்களுக்குப் பிடிமானம் இருக்கிறது. அதன் எல்லையையும் தெரிந்துகொள்ளுங்கள். 2009 கல்வி உரிமைச் சட்டத்தின் 26-ஆம் பிரிவு, ஒரு பள்ளியில் ஆசிரியர் காலியிடம் அனுமதிக்கப்பட்ட எண்ணிக்கையில் 10 விழுக்காட்டைத் தாண்டக் கூடாது என்கிறது. 6 பணியிடத்தில் ஒன்று காலி என்றாலே 16 விழுக்காட்டுக்கு மேல். அதே சட்டத்தின் அட்டவணைப்படி 6 முதல் 8 வரை 35 பேருக்கு ஓர் ஆசிரியராவது வேண்டும்; அறிவியல் கணிதத்துக்கும் சமூக அறிவியலுக்கும் மொழிக்கும் குறைந்தது ஒவ்வொருவர். அந்த வகுப்புகளில் 100 பேருக்கு மேல் இருந்தால் முழுநேரத் தலைமையாசிரியரும், ஓவியம், உடற்கல்வி, தொழிற்கல்விக்குப் பகுதிநேரப் பயிற்றுநர்களும் உண்டு. உங்களிடம் 122 பேர். பகுதிநேர ஆசிரியர்கள் 2012-இல் நியமிக்கப்பட்டபோது ஒருவருக்கு வாரம் மூன்று அரை நாள் வேலை என்பது ஏற்பாடு. உங்கள் பள்ளிக்கு ஒருவரும் வருவதில்லை என்றால் அதையும் தனியாகக் கேளுங்கள். 32-ஆம் பிரிவில் எழுத்தில் புகார் கொடுத்தால் மூன்று மாதத்துக்குள் முடிவு சொல்ல வேண்டும். ஆனால் இந்தச் சட்டம் 6 முதல் 14 வயதுக்கானது. பத்தாம் வகுப்பை முன்னிறுத்தி இதன் பிரிவுகளை எழுதினால் 'பொருந்தாது' என்று ஒரே சொல்லில் முடித்துவிடுவார்கள். சட்டம் பேசும் இடத்தில் 6 முதல் 8 வரையுள்ள 122 பிள்ளைகளைச் சொல்லுங்கள். கணிதப் பணியிடம் நிரம்பினால் பத்தாம் வகுப்புக்கும் அவர்தானே வருவார்.

பணியாளர் நிர்ணய விவரம் காட்ட மறுத்தால் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் கட்டணத்தோடு கேளுங்கள். 30 நாளில் பதில் வர வேண்டும். 'எங்கள் பள்ளிக்குக் கடந்த மூன்று ஆண்டு ஆகஸ்ட் 1 நிலவரப்படி பணியாளர் நிர்ணய அறிக்கை நகல்' என்று கேட்டால் போதும். 'ஏன் ஆசிரியர் போடவில்லை' என்று கேட்டால் அது தகவல் ஆகாது, பதிலும் வராது.

ஆள் வரும்வரை என்ன செய்வது? தலைமையாசிரியர் கணிதப் பட்டதாரியாக இருந்தால் பத்தாம் வகுப்புக்கு 7, ஒன்பதாம் வகுப்புக்கு 5 என்று 12 பாடவேளை எடுக்கலாம். அதற்கு மேல் ஏற்றினால் அலுவலக வேலை வந்து வகுப்பை விழுங்கிவிடும். உபரி ஆசிரியர் உள்ள பக்கத்துப் பள்ளியிலிருந்து கணிதத்துக்கு ஒருவர் வாரம் மூன்று முற்பகல் வந்தால் நாளுக்கு 4 என்று 12. ஆறு, ஏழு, எட்டுக்குத் தலா 4. மொத்தம் 24. 35-க்கு 11 குறைவுதான், ஆனாலும் எந்த வகுப்பும் கணிதமே இல்லாமல் இருக்காது. கால அட்டவணையில் 'கணிதம்' என்று எழுதிவிட்டுச் சமூக அறிவியல் ஆசிரியரை மேற்பார்வைக்கு உட்கார வைப்பதை மட்டும் அனுமதிக்காதீர்கள். காகிதத்தில் வகுப்பு நடந்துவிட்டால் உங்கள் 70 பாடவேளைக் கணக்கு பொய்யாகிவிடும். யார் எடுக்கவில்லையோ அந்தக் கட்டத்தை வெறுமையாகவே விடச் சொல்லுங்கள்.

பத்தாம் வகுப்பு அறிவியலில் இன்னொரு ஆபத்து இருக்கிறது. எழுத்துத் தேர்வு 75, செய்முறை 25. எழுத்தில் 20-க்குக் குறைந்தாலும் மொத்தம் 35-க்குக் குறைந்தாலும் தேர்ச்சி இல்லை. கடைசி மாதத்தில் ஆய்வகப் பூட்டைத் திறந்து இரண்டு வாரத்தில் எல்லாச் சோதனையையும் காட்டி முடிப்பது, ஆசிரியர் இல்லாத பள்ளிகளில் வழக்கம். எழுத்தில் தடுமாறும் பிள்ளைக்குக் கை கொடுக்கும் மதிப்பெண் இதுதான். ஆகவே மாற்றுப்பணியில் உள்ள ஆசிரியை வாரம் ஒரு நாள் மட்டுமே வர முடியும் என்றால்கூட அந்த நாளைப் பத்தாம் வகுப்பின் செய்முறைக்கு ஒதுக்குங்கள்.

வசூல் பற்றிக் கேட்டீர்கள். வீட்டுக்கு இவ்வளவு, பிள்ளைக்கு இவ்வளவு என்று வேண்டாம். எட்டாம் வகுப்பு வரை பிள்ளையிடம் படிப்புக்காக எந்தக் கட்டணமும் வாங்கக் கூடாது என்பது சட்டம். அதைவிட, கொடுக்க முடியாத வீட்டுப் பிள்ளைதான் முதலில் பள்ளிக்கு வரக் கூச்சப்படும். அரசே பள்ளி மேலாண்மைக் குழு வழியாகத் தற்காலிக ஆசிரியரை நியமிக்க 2022 முதல் அனுமதி கொடுத்து வருகிறது. பட்டதாரி ஆசிரியருக்கான மதிப்பூதியம் 10,000-இல் தொடங்கிப் பின்னர் 15,000 ஆக்கப்பட்டது. உங்கள் கணிதக் காலியிடம் இந்த ஆண்டு அனுமதிப் பட்டியலில் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். இருந்தால் கணிதத்தில் பட்டம், பி.எட்., ஆசிரியர் தகுதித் தேர்வுத் தேர்ச்சி உள்ளவருக்கு முன்னுரிமை. குழு உறுப்பினரின் உறவினர் விண்ணப்பித்தால் அந்த உறுப்பினர் தேர்வுக் கூட்டத்தில் உட்காரக் கூடாது. நிரந்தர ஆசிரியர் வரும்வரை மட்டுமே என்று எழுதி வாங்குங்கள். மதிப்பூதியம் சில மாதம் சேர்ந்து வரக்கூடும் என்பதை முதல் நாளே சொல்லிவிடுங்கள். சொல்லாமல் விட்டால் அக்டோபரில் அவர் நின்றுவிடுவார்.

பட்டியலில் இல்லை, ஊரார் மனமுவந்து கொடுக்க முன்வருகிறார்கள் என்றால் யார் எவ்வளவு கொடுத்தார் என்பது வகுப்பறைக்குத் தெரியக் கூடாது. பணம் குழுவின் வங்கிக் கணக்கில் வந்து, அங்கிருந்தே அவர் கணக்குக்குப் போகட்டும். 15,000 வீதம் 8 மாதத்துக்கு 1,20,000 வேண்டும். கையில் பாதியாவது சேராமல் ஆளை வரச் சொல்லாதீர்கள். இப்படி வருபவரால் பணியிடம் நிரம்பிவிட்டதாக எந்தப் பதிவிலும் ஏறக் கூடாது.

ஒன்பதாம் வகுப்பில் எழுத்துக்கூட்டி வாசிக்கும் பிள்ளைகளுக்கு வருகிறேன். இவர்களைப் பத்தாம் வகுப்புக்கு வந்த பிறகு மாலைச் சிறப்பு வகுப்பில் 46 பேரோடு உட்கார வைத்து 'மெல்லக் கற்போர் கையேட்டை' நூறு முறை எழுதச் சொல்வதுதான் பெரும்பாலும் நடக்கிறது. வாசிக்கத் தெரியாத பிள்ளைக்கு அது படம் வரைவது போலத்தான். இப்போதே, ஜூலையிலேயே, ஒவ்வொருவரையும் தனியே அழைத்து மூன்றாம் வகுப்புத் தமிழ்ப் புத்தகத்தில் ஒரு பத்தி வாசிக்கச் சொல்லுங்கள். எழுத்தே தெரியவில்லையா, சொல் வருகிறதா, வாக்கியம் ஓடுகிறதா என்று மூன்றாகப் பிரியுங்கள். கடன் வாங்கிக் கழித்தல் ஒன்று, ஓரிலக்க வகுத்தல் ஒன்று கொடுத்தால் கணக்கும் தெரிந்துவிடும். பிள்ளைக்கு ஐந்து நிமிடம்.

ஒரு குழுவில் 12 பேருக்கு மேல் வேண்டாம். காலையில் 40 நிமிடம், வாரம் ஐந்து நாள். மாலையில் வைத்தால் பேருந்தைப் பிடிக்க வேண்டிய பிள்ளைகள்தான் முதலில் விடுபடுவார்கள். இதற்கு பி.எட். படித்தவர் தேவையில்லை, இல்லம் தேடிக் கல்வியில் தன்னார்வலராக இருந்த பெண்கள் உங்கள் ஊரிலேயே இருப்பார்கள், பழக்கம் உள்ளவர்கள். ஆறு, ஏழாம் வகுப்புப் பிள்ளைகளோடு சேர்த்து உட்கார வைக்காதீர்கள். பதினான்கு வயதுப் பையன் அதை அவமானமாக எடுத்துக்கொள்வான்.

அந்த ஏழெட்டுப் பேரில் ஒருவருக்கோ இருவருக்கோ கற்றல் குறைபாடு இருக்கக்கூடும். வாய்மொழியாகக் கேட்டால் பளிச்சென்று பதில் சொல்லி, எழுதச் சொன்னால் எழுத்துகள் இடம் மாறும் பிள்ளையைக் கவனியுங்கள். வட்டார வள மையத்தில் சிறப்புப் பயிற்றுநர் இருப்பார். மேல் வகுப்புகளில் சிறப்புத் தேவையுள்ள பிள்ளைகள் 15 பேருக்கு ஒருவர் என்று உச்ச நீதிமன்றம் 2021 அக்டோபரில் அளவு சொன்னது. நடைமுறையில் ஒருவரே பல பள்ளிகளைச் சுற்றுகிறார். அவர் உங்கள் பள்ளிக்கு எந்தக் கிழமை வருவார் என்று எழுத்தில் வாங்கி, அந்த நாளில் அந்தப் பிள்ளைகள் வந்திருக்கும்படி பாருங்கள். மருத்துவச் சான்று இருந்தால் பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வில் கூடுதல் ஒரு மணி நேரம், சொல்வதை எழுதுபவர், ஒரு மொழிப்பாட விலக்கு போன்ற சலுகைகள் கேட்கலாம். சான்று வாங்க முகாம், அரசு மருத்துவமனை என்று மாதங்கள் ஓடிவிடும். பொதுத்தேர்வுக்குப் பெயர்ப்பட்டியல் போகும் நேரத்தில் தொடங்கினால் கிடைக்காது. ஒன்பதாம் வகுப்பிலேயே தொடங்க வேண்டும்.

மனம் சோர்ந்த பிள்ளைகளுக்கு ஆலோசகர் என்று உயர்நிலைப் பள்ளிப் பணியாளர் நிர்ணயத்தில் ஒரு பணியிடமே இல்லை. இது பெரிய குறை. மனுவில் இதையும் சேர்த்தால் முக்கியக் கோரிக்கை நீர்த்துப்போகும், தனியாக எழுதுங்கள். இப்போதைக்குப் பிள்ளைகள் நம்பிப் பேசும் ஆசிரியர் ஒருவரைக் குழு அடையாளம் காணட்டும், அவருக்கு வாரம் இரண்டு பாடவேளை ஒழித்துக் கொடுங்கள். 14417 (கல்வி உதவி எண்), 1098, 14416 (மனநல உதவி எண்) ஆகிய மூன்று எண்களும் கழிப்பறைக்குப் போகும் வழியில், பிள்ளை தனியாக நின்று படிக்கக்கூடிய இடத்தில் ஒட்டப்பட்டிருக்க வேண்டும். தலைமையாசிரியர் அறை வாசலில் நின்று யாரும் அதைக் குறித்துக்கொள்ள மாட்டார்கள். ஒரு பிள்ளை சாவைப் பற்றிப் பேசினால் 'யாரிடமும் சொல்ல மாட்டேன்' என்று வாக்குக் கொடுக்காமல், தனியே விடாமல், அன்றைக்கே பெற்றோரோடு அரசு மருத்துவமனை மனநலப் பிரிவுக்கு அழைத்துப் போக வேண்டும்.

வாசிப்புக் குழுவுக்கு ஆறு வாரம் கழித்து, ஆகஸ்ட் கடைசியில், அதே பத்தியை மறுபடி வாசிக்கச் சொல்லுங்கள். அடுத்த படிக்கு நகராத பிள்ளைகளின் பெயரைத் தனியே எடுத்து, சிறப்புப் பயிற்றுநர் வரும் நாளில் முதலில் அவர்களைக் காட்டுங்கள்.